வீட்டு சிமுலேட்டருக்கு லைட் ஜெட் ஆட்-ஆன்: காசு கட்டும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு தீபாவளி போனஸில், வீட்டுக் கணினியில் ஓடும் விமான சிமுலேட்டருக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு லைட் ஜெட் ஆட்-ஆன் வாங்கினேன். படங்களைப் பார்த்தே முடிவு செய்துவிட்டேன். இருக்கைத் தோலின் தையல்வரை தெரிந்தது. முதல் பயணம் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு. இறங்கும் நேரத்தில் காற்று திசை மாறியதால் எஃப்எம்எஸ்ஸில் (பயணப் பாதையை உள்ளிடும் காக்பிட் கணினி) 07-ம் ரன்வேயை 25 (அதே ஓடுபாதையின் எதிர்முனை) என்று மாற்றினேன். திரை அப்படியே உறைந்து நின்றது. மறுநாளும் அதே இடத்தில் அதே கதை. மூன்றாம் நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டவுன்லோட் செய்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்ற விதியைக் காட்டினார்கள். அந்த விதி விற்பனைப் பக்கத்தின் அடியிலேயே இருந்தது. நான் அவ்வளவு கீழே போய்ப் படித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஜெட்களை நிதானமாக எடைபோட்டேன். ஒன்றை வாங்கவே இல்லை. இன்னொன்று இன்றும் வாரத்தில் மூன்று நாள் என் மேசையில் பறக்கிறது. அந்த இரண்டிலும் நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். லைட் ஜெட் என்று நான் சொல்வது ஒரே பைலட் ஓட்டக்கூடிய சிறு ஜெட்களை: செஸ்னா சிட்டேஷன் சிஜே4, சிரஸ் விஷன் ஜெட், ஹோண்டாஜெட், எம்ப்ரேயர் ஃபீனம் போன்றவை.

1. கையில் இருப்பதை முதலில் ஒழுங்காக ஓட்டுங்கள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வைத்திருந்தால் சிட்டேஷன் சிஜே4 அதோடு கூடவே வந்திருக்கும். எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரில் சிரஸ் விஷன் எஸ்எஃப்50 இருக்கிறது. இந்த இரண்டில் உங்களிடம் இருப்பதில் குறைந்தது பத்து மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள். சிஜே4-இன் காக்பிட் திரைகளை வொர்க்கிங் டைட்டில் குழு செம்மைப்படுத்தியிருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் சில ஜெட்களின் எஃப்எம்எஸ் அதன் அருகில்கூட வராது. இலவசமாகக் கிடைப்பதுதான் உங்கள் அளவுகோல். அதைவிட எந்த இடத்தில் மேல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாத ஆட்-ஆனுக்குக் காசு கட்டாதீர்கள்.

இன்னொரு பலனும் உண்டு. ஜெட் ஓட்டத் தெரியாமல் ஜெட்டைச் சோதித்தால், நம் பிழை எது, ஆட்-ஆனின் பிழை எது என்று பிரித்தறிய முடியாது. விஎன்ஏவி (திட்டமிட்ட உயரங்களின்படி விமானத்தைத் தானாக இறக்கும் வசதி) இறங்கவில்லை என்று புகார் சொல்கிறவர்களில் பலர் உயரத் தேர்வுக் குமிழைக் கீழே திருப்பாமல் விட்டவர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித் தவித்திருக்கிறேன்.

2. நிஜ விமானத்தின் தாள்களைச் சேகரியுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ ஒவ்வொரு விமான மாடலுக்கும் ‘டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட்’ என்ற ஆவணத்தை வெளியிடுகிறது. எவரும் இறக்கிக்கொள்ளலாம். எஞ்சின், அதிகபட்ச எடை, எரிபொருள் கொள்ளளவு, வேக வரம்பு எல்லாம் அதில் இருக்கும். சிட்டேஷன் 525 வரிசைக்கான தாளின் எண் ஏ1டபிள்யூஐ. சிஜே4 அதில் 525சி என்ற பெயரில் வரும். விமானத் தயாரிப்பாளரின் விளம்பரக் கையேட்டையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நேரம், பயண தூரம் போன்றவை அதில்தான் கிடைக்கும்.

இவற்றிலிருந்து ஒரு அட்டை எழுதுங்கள். என் சிஜே4 அட்டையில் இருப்பவை: வில்லியம்ஸ் எஃப்ஜே44-4ஏ எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 3,621 பவுண்டு உந்துவிசை. டேக்ஆஃப் எடை உச்சம் 17,110 பவுண்டு, லேண்டிங் எடை உச்சம் 15,660. எரிபொருள் 5,828 பவுண்டு. வேக வரம்பு வேகமானியில் 305 நாட்ஸ் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அல்லது மாக் 0.77 (ஒலியின் வேகத்தில் 0.77 பங்கு). உயர வரம்பு 45,000 அடி, அங்கே ஏற 28 நிமிடம். அதிகபட்சப் பயண வேகம் 451 நாட்ஸ்; இது காற்றினூடான உண்மை வேகம், மெல்லிய காற்றில் வேகமானி இதைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

விஷன் ஜெட் என்றால் அட்டை வேறு மாதிரி இருக்கும்: ஒரே எஞ்சின், 6,000 பவுண்டு எடை, வேக வரம்பு 250 நாட்ஸ், முதல் தலைமுறையின் உயர வரம்பு 28,000 அடி, இரண்டாம் தலைமுறையில் 31,000. ஆட்-ஆன் எந்தத் தலைமுறையைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அட்டையை எழுதுங்கள். பழைய தலைமுறையின் எண்களை வைத்துப் புதியதைக் குறை சொல்லிப் பயனில்லை.

3. விற்பனைப் பக்கத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள்

படங்கள் மேலே இருக்கும், விதிகள் கீழே இருக்கும். அதனால்தான் கீழிருந்து. நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, பணம் திரும்பும் விதி. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் தனி ஆட்-ஆனாக வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், அதன் பிறகு மூல சிமுலேட்டரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். தனி இணையக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. டவுன்லோட் பொத்தானை அழுத்தியதுமே உரிமை போய்விடும் கடைகள் நிறைய.

இரண்டாவது, எந்தப் பதிப்புக்காகச் செய்தது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்குச் செய்த ஜெட் 2024 பதிப்பில் ‘ஓடும்’ என்பதும் 2024-க்காகவே செய்தது என்பதும் வெவ்வேறு. மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் காலத்து மாடலை எடுத்துப் புது வண்ணம் பூசி விற்பதும் நடக்கிறது. அத்தகையவற்றில் வெளித்தோற்றம் நன்றாக இருக்கும். பறக்கும் விதமும் திரைகளும் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, மாற்றப் பட்டியல். கடைசித் திருத்தம் எப்போது வந்தது, என்ன திருத்தினார்கள்? ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிக்கை குறையும். ‘ஹோல்டிங்கில் (வானில் சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும் பாதை) நுழையும் திசை தவறாக இருந்தது, சரிசெய்தோம்’ என்று எழுதுகிறவர் தன் வேலையை அறிந்தவர்.

நான்காவது, கையேடு. வாங்கும் முன்பே கையேட்டைப் படிக்கத் தருகிற தயாரிப்பாளருக்கு என் கணக்கில் தனி மதிப்பு. எந்தெந்த அமைப்புகள் வேலை செய்யாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

4. உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

லைட் ஜெட்கள் பெரும்பாலும் 30-லிருந்து 50 டாலருக்குள் விற்கின்றன. திரையில் தெரியும் அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 40 டாலர் ஜெட்டை வெளிநாட்டுக் கடையில் வாங்குகிறீர்கள், ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,600 ரூபாய். கடை 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 4,248. வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5% எடுத்தால் இன்னும் 149 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 27 ரூபாய். ஆக மொத்தம் 4,424 ரூபாய். கட்டண விகிதம் கார்டுக்குக் கார்டு மாறும். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வங்கியின் செயலியில் நாம்தான் மாற்ற வேண்டும். தள்ளுபடி முடியும் கடைசி இரவில் இது தெரியவந்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. சில ஜெட்களில் ஜிடிஎன் 750 என்ற வழிகாட்டித் திரைக்கு இடம் மட்டும் இருக்கும்; அந்தத் திரையை வேறொருவரிடமிருந்து நிறுவ வேண்டும். பிஎம்எஸ்50 என்ற தயாரிப்பாளர் தருவதில் இலவசப் பதிப்பும் உண்டு, கட்டணப் பதிப்பும் உண்டு. அடுத்தது நேவிகிராஃப் சந்தா. வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சந்தா இருந்தால் அது சிமுலேட்டருக்கு வந்துசேரும். அது இல்லாமலும் பறக்கலாம், கட்டாயமில்லை. பயணத் திட்டம் போட சிம்பிரீஃப் இலவசம், அது போதும்.

சிமுலேட்டருக்குள் இருக்கும் கடையில் விலை ரூபாயிலேயே தெரியும், இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். ஆனால் திருத்தங்கள் அங்கே தாமதமாக வருகின்றன. தயாரிப்பாளர் தன் தளத்தில் இன்று வெளியிடும் திருத்தம், கடையின் சோதனை வரிசையைத் தாண்டி நம்மிடம் வர நாளாகும். கணினியில் ஓட்டுகிறவர்களுக்குத் தயாரிப்பாளரின் கடையே மேல் என்பது என் முடிவு. எக்ஸ்பாக்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு உள்கடை தவிர வேறு வழியில்லை.

5. வெளிவந்த வாரத்தில் வாங்காதீர்கள்

முதல் மூன்று வாரம் காத்திருங்கள். அதற்குள் பெரிய பிழைகள் வெளியே வந்திருக்கும், ஓரிரு திருத்தமும் வந்திருக்கும். அவசரமே இல்லையென்றால் நவம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் இரண்டிலும் தள்ளுபடி வரும். சிமுலேட்டருக்கே பெரிய அப்டேட் வரப்போகிறது என்று அறிவித்திருந்தால் அது முடியும்வரை பொறுங்கள்.

வாங்கும் நாளை வெள்ளிக்கிழமை மாலையாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பும் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலைநாளின் களைப்பில் சோதனை செய்ய முடியாது. ஸ்டீமின் இரண்டு மணி நேரக் கணக்கில் வாங்கினால், எட்டாம் படியில் சொல்லும் ரன்வே மாற்றும் சோதனையை முதலில் செய்யுங்கள். மற்றவை பிறகு.

6. முதல் மாலை: தரையிலேயே இருங்கள்

எல்லாம் அணைந்த நிலையில் விமானத்தை ஏற்றுங்கள். பேட்டரியை மட்டும் போட்டுவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். வோல்ட் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மின்சார அமைப்பு வெறும் படம்.

எரிபொருளை முழுதாக நிரப்பி எடைப் பட்டியலைப் பாருங்கள். சிமுலேட்டர் கேலனில் காட்டினால் 6.7-ஆல் பெருக்கினால் பவுண்டு வரும். சிஜே4-க்கு ஏறக்குறைய 870 கேலன் இருக்க வேண்டும். எடையில் பிழை இருந்தால் அதன் மேல் கட்டிய எதுவும் நிற்காது, வேகமும் தூரமும் சேர்ந்து பிழையாகும்.

எஞ்சினை இயக்கும்போது அனல் மானியைக் கவனியுங்கள். வெப்பம் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கி நிலைக்க வேண்டும். நேர்கோட்டில் ஏறி நின்றுவிட்டால் அது உயிரில்லாத எஞ்சின். பிறகு பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) ஐடில் என்ற அடிநிலையிலிருந்து மேலே தள்ளுங்கள். சிறு டர்போஃபேன் எஞ்சினுக்கும் சுழல் வேகம் கூட சில விநாடிகள் ஆகும். கையோடு கையாக என்1 (எஞ்சின் விசிறியின் சுழல் வேகம்) தாவினால் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் த்ராட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஜே4-இல் டேக்ஆஃப், ஏற்றம், பயணம் என்று மூன்று நிலைகளில் நெம்புகோல் பதிந்து நிற்கும். நம் வீட்டு நெம்புகோலை அந்த நிலைகளோடு பொருத்த ஆட்-ஆனில் வசதி இருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் எரிச்சல்தான்.

7. இரண்டாம் மாலை: எண்களோடு பறப்பது

வானிலையைத் தெளிவான வானம் என்று வையுங்கள், காற்று வேண்டாம், கடல்மட்ட வெப்பம் 15 டிகிரி. நேரத்தை வேகப்படுத்தக் கூடாது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 950 கடல் மைல். இந்தச் சோதனைக்குப் போதுமான தூரம். உச்ச எடையில் கிளம்புங்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும்.

45,000 அடிக்கு 28 நிமிடத்தில் சேர வேண்டிய ஜெட் 17 நிமிடத்தில் சேர்ந்தால் உந்துவிசையை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். 40 நிமிடம் ஆனால் கிள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரிரு நிமிட வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. நாம் ஏறும் வேகம் கையேட்டின் வேகத்தோடு துல்லியமாகப் பொருந்தியிருக்காது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 45,000 அடியில் த்ராட்டிலைக் கூட்டி உண்மை வேகத்தைப் பாருங்கள். 451 நாட்ஸ் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த உயரத்தில் காற்றின் வெப்பம் மைனஸ் 56.5 டிகிரி, ஒலியின் வேகம் சுமார் 574 நாட்ஸ். 451-ஐ அதனால் வகுத்தால் மாக் 0.786. விமானத்தின் வரம்போ 0.77. அதாவது அங்கே 442 நாட்ஸைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். 451 என்பது கீழே, வெப்பம் கூடிய உயரத்தில் கிடைக்கும் வேகம். விளம்பரத் தாளின் பெரிய எண்ணை எல்லா உயரத்திலும் கொடுத்துவிட்ட ஜெட் இந்த ஒரு சோதனையில் பிடிபட்டுவிடும். நான் வாங்காமல் விட்ட ஜெட் இதில்தான் விழுந்தது. வேறொருவர் பதிவுசெய்த வீடியோவில் திரையின் எண்களைப் படித்தே கண்டுபிடித்தேன். ஆக, காசு கட்டும் முன்பே செய்யக்கூடிய சோதனை இது.

இறங்கும்போது வேண்டுமென்றே வேகமானியில் 305 நாட்ஸைத் தாண்டுங்கள், மணி அடிக்கிறதா என்று கேளுங்கள். கேபின் அழுத்தத்தைத் திறந்துவிடுங்கள். கேபின் உயரம் ஏறி 10,000 அடி அளவில் எச்சரிக்கை வர வேண்டும். ஓர் எஞ்சினை அணையுங்கள். மூக்கு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும், உங்கள் கால் ரட்டர் மிதியை (மூக்கை நேராக்க மிதிப்பது) தேட வேண்டும்.

டெல்லியில் இறங்கியபின் நேரம் இருந்தால் லே விமானநிலையத்திலிருந்து ஒரு டேக்ஆஃப் செய்யுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10,700 அடி. மெல்லிய காற்றில் ரன்வேயை நீளமாக விழுங்கித்தான் ஜெட் எழ வேண்டும். சென்னையில் எழுந்த அதே தூரத்தில் எழுந்தால் இந்த ஆட்-ஆனுக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது.

8. மூன்றாம் மாலை: எஃப்எம்எஸ்ஸைத் தொந்தரவு செய்யுங்கள்

என் பணம் போனது இங்கேதான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். விற்பனை வீடியோக்களில் எஃப்எம்எஸ்ஸுக்கு எல்லாம் வரிசையாகக் கொடுப்பார்கள், அது வரிசையாக வேலை செய்யும். நிஜப் பறப்பில் திட்டம் மாறிக்கொண்டே இருக்கும். மனிதர்களே விமானக் கட்டுப்பாட்டாளராக வழிகாட்டும் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் பறந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்.

கோயம்புத்தூர்–சென்னை பாதையை எடுங்கள். ஏறக்குறைய 220 கடல் மைல், ஒரு மாலையில் இரண்டு முறை பறந்துவிடலாம். முழுத் திட்டத்தையும் கையால் உள்ளிடுங்கள்: கிளம்பும் முறை, வழித்தடம், இறங்கும் முறை, 07-க்கு ஐஎல்எஸ் (ரன்வேக்கு இறக்கி வழிகாட்டும் ரேடியோ அமைப்பு). சிம்பிரீஃபிலிருந்து தானாக ஏற்றிக்கொள்ளும் வசதியை இந்த முறை பயன்படுத்த வேண்டாம். பாதி வழியில் ஒரு புள்ளிக்கு நேரே போகச் சொல்லுங்கள். பாதையில் இடையே விழும் இடைவெளியை அழித்து இணையுங்கள். ஒரு ஹோல்டிங் கொடுங்கள். நுழையும் திசை, திரும்பும் நேரம் இரண்டையும் பாருங்கள். இறங்கத் தொடங்கியபின் ரன்வேயை 25-க்கு மாற்றுங்கள். உடனே திரும்ப 07-க்கு. திரை உறையாமல், பழைய புள்ளிகள் பேய்போல் ஒட்டிக்கொள்ளாமல் வந்தால் பெரிய தேர்வில் தேறிவிட்டது.

விஎன்ஏவி உயரக் கட்டுப்பாடுகளை மதிக்கிறதா? ‘இந்தப் புள்ளியில் இவ்வளவுக்கு மேல்’ என்ற கட்டுப்பாட்டைத் தாண்டிக் கீழே விழுந்தால் வலையமைப்பில் வெட்கப்பட நேரும். ஐஎல்எஸ்ஸைக் கீழிருந்து வந்து தள்ளாடாமல் பிடிக்க வேண்டும்.  200 அடியில் கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது) பொத்தானை அழுத்துங்கள். அதன் பிறகு தவறிய அணுகுமுறைப் பாதையில் தானாகப் போகும்படி எஃப்எம்எஸ் வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை அதிகம் பிழைபட்டது இந்த இடம்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: நிஜத்தில் இல்லாததை இல்லை என்று குறை சொல்லக் கூடாது. புரோ லைன் 21 திரைகளுடன் வந்த சிஜே4-இல் ஆட்டோ-த்ராட்டில் கிடையாது. உங்கள் கைதான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். ஆட்-ஆனில் அது இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

9. கணினி தாங்குகிறதா

ஒரே விமானநிலையம், ஒரே வானிலை, ஒரே நேரம். முதலில் இலவச ஜெட், பிறகு வாங்கிய ஜெட். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்தால் பிரேம் எண்ணிக்கையோடு (விநாடிக்குத் திரை எத்தனை முறை மாறுகிறது) எது தடையாக இருக்கிறது என்றும் காட்டும். ‘மெயின் திரெட்’ என்று வந்தால் தடை பிராசஸரில்; காக்பிட் திரைகள் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிப் பலனில்லை. மற்ற ஆட்-ஆன்களை கம்யூனிட்டி ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் பழி யார்மேல் என்று தெரியாது. 30 பிரேம் நிலையாக வந்தால் ஜெட்டுக்கு எனக்குப் போதும். இறங்கும்போது 18-க்கு விழுந்தால், காக்பிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

10. திருப்பிக் கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ

திருப்பிக் கேட்பதென்றால் கடிதத்தில் கோபம் வேண்டாம். பதிப்பு எண், சிமுலேட்டரின் பதிப்பு, பிழை வரும் படிகள் வரிசையாக, ஸ்கிரீன்ஷாட் இரண்டு, ரசீது எண். ‘எஃப்எம்எஸ் சரியில்லை’ என்று எழுதினால் பதில் வராது. ‘சென்னை 07 தேர்ந்தெடுத்து, இறங்கத் தொடங்கியபின் 25-க்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் உறைகிறது’ என்று எழுதினால் பணம் திரும்பாவிட்டாலும் அடுத்த திருத்தத்திலாவது சரியாக வாய்ப்புண்டு.

வைத்துக்கொள்வதென்றால் ரசீது, சீரியல் எண், இன்ஸ்டாலர் மூன்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுங்கள். சிறு கடைகள் மூடிப்போவதும் உண்டு, அப்போது டவுன்லோட் இணைப்பும் அவர்களோடு போய்விடும். எத்தனை கணினியில் நிறுவலாம் என்று உரிமத்தில் பார்த்து ரசீதின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். சிமுலேட்டருக்கு அப்டேட் வரும் நாளில் ஜெட்டின் ஃபோல்டரை வெளியே நகர்த்திவிட்டு அப்டேட்டை முடியுங்கள். தயாரிப்பாளர் சரி என்று சொன்னபின் திரும்ப உள்ளே வையுங்கள். பிறகு முதல் வேலையாக அதே கோயம்புத்தூர்–சென்னை, அதே ரன்வே மாற்றம். நாற்பது நிமிடம் ஆகும்.